400 சிசி டூரிங் ஸ்கூட்டர்: கிளம்பும்போது உதறல், வேகத்தில் ஆர்பிஎம் அதிகம். நாமே பார்க்க முடியுமா?

நெடுவழி:

வணக்கம். வண்டி 400 சிசி, ஒற்றை சிலிண்டர், கூலன்ட் ஓடும் எஞ்சின், ஏபிஎஸ் உண்டு. ஓடோமீட்டரில் 31,000 கி.மீ. இரண்டாம் கையாக 25,000இல் வாங்கியது. சர்வீஸ் பதிவு எதுவும் கூட வரவில்லை.

இரண்டு குறைகள்:

ஒன்று, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது 20 கி.மீ. வேகம் வரை வண்டி முழுக்க உதறுகிறது. அதற்கு மேல் உதறல் நின்றுவிடுகிறது. சூடேறிய பிறகு அதிகம்.

இரண்டு, சமதரையில் ஜிபிஎஸ் காட்டும் 100 கி.மீ. வேகத்துக்கு வாங்கியபோது 5,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்று). இப்போது 5,850.

பெல்ட் தேய்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதுமா, வேரியேட்டர் (பெல்ட் ஓடும் முன் புல்லித் தொகுதி) முழுக்க மாற்ற வேண்டுமா? ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர் இருக்கின்றன. சாதாரண பைக் வேலைகள் தெரியும், சிவிடி (பெல்ட், புல்லி கொண்டு கியர் தானாக மாறும் அமைப்பு) மூடியைத் திறந்ததில்லை. பதிவே இல்லாத வண்டி என்பதால் வேறு என்னென்ன பார்க்க வேண்டும்? அடுத்த மாதம் 3,000 கி.மீ. பயணம் இருக்கிறது.

---

உப்புத்தாள்:

இரண்டும் ஒரே நோய் இல்லை. கிளம்பும்போது உதறுவது கிளட்ச். ஓடும்போது ஆர்பிஎம் ஏறுவது பெரும்பாலும் பெல்ட். பெல்ட்டை மட்டும் மாற்றினால் உதறல் அப்படியே இருக்கும். "புது பெல்ட் போட்டும் சரியாகவில்லையே" என்று அடுத்த கேள்வியோடு வருவீர்கள்.

பெல்ட் தேய்ந்தால் ஏன் ஆர்பிஎம் ஏற வேண்டும் என்று தெரிந்துகொள்வது நல்லது. வேகம் ஏற ஏற முன் புல்லியின் இரண்டு தட்டுகளும் நெருங்கி, பெல்ட்டை விளிம்பை நோக்கித் தள்ளும். முழுக்க நெருங்கிய நிலையில் நடுவில் இருக்கும் சந்து ஒரே அளவுதான். பெல்ட்டின் அகலம் குறைந்திருந்தால் அந்தச் சந்துக்குள் அது கீழே இறங்கி உட்காரும். புல்லியின் வி கோணம் 30 டிகிரியை ஒட்டியது என்று வைத்துக்கொண்டால், அகலத்தில் 1 மி.மீ. போனால் ஆரத்தில் 2 மி.மீ. அளவுக்கு இறக்கம். முன்னால் வட்டம் சிறுக்கிறது. அங்கே மிஞ்சிய நீளத்தைப் பின் புல்லியின் ஸ்பிரிங் வெளியே தள்ளி எடுத்துக்கொள்வதால் பின்னால் வட்டம் பெருக்கிறது. இரண்டும் சேர்ந்து உயர் கியரைத் திருடிவிடும். 5,500க்கு 350 கூடியது 6 சதவீதத்துக்குச் சற்று மேல். 1 மி.மீ. அளவிலான தேய்மானத்தோடு இது பொருந்துகிறது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு வேரியேட்டர் முழுக்க மூடிய வேகத்துக்கு மட்டும்தான். 40, 50 கி.மீ. வேகத்தில் ஆர்பிஎம்மைத் தீர்மானிப்பது முன் புல்லியை நெருக்கும் சிறு உருளைகளான ரோலர்களின் எடையும் பின் ஸ்பிரிங்கும். அங்கே தாறுமாறாக ஏறி இறங்கினால் ரோலர் தட்டையாகிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். நின்ற நிலையில், ஐட்லிங்கில் இடதுபுறம் "கடகட" சத்தம் வந்தால் ரோலர் தட்டின் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்லைடர்கள் தேய்ந்திருக்கும். விலை குறைந்த உருப்படி அது. தேய்ந்தபடி விட்டால் தட்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

இனி திறக்கும் வேலை. எஞ்சின் ஆறியிருக்கட்டும், சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள்.

உண்மையைச் சொன்னால், பெரிய ஸ்கூட்டரில் பாதி நேரம் பிளாஸ்டிக்குக்குத்தான் போகும். இடது கால்பலகை, பக்க மூடி, காற்றுக்குழாய் எல்லாம் கழன்ற பிறகுதான் சிவிடி மூடி கண்ணில் படும். பிளாஸ்டிக் கிளிப்பின் நடுப்பொட்டை உள்ளே அழுத்தினால் வெளியே வரும் வகையும் உண்டு, நடுப்பொட்டை நெம்பி எடுக்கும் வகையும் உண்டு. பார்த்துவிட்டுக் கை வையுங்கள். குளிரில் பிளாஸ்டிக் கொக்கிகள் சட்டென்று உடையும், வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத் தொடங்கலாம். மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டு போல்ட்டைக் குத்தி வையுங்கள். நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில் திருகினால் அலுமினியம் பிளக்கும்.

மூடி ஒட்டிக்கொண்டால் ரப்பர் சுத்தியலால் சுற்றித் தட்டுங்கள். ஸ்குரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்ப வேண்டாம். பல மாடல்களில் கிளட்ச் தண்டின் நுனி மூடியிலேயே உள்ள பேரிங்கில் உட்கார்ந்திருக்கும், அதனால் நேராக இழுக்க வேண்டும். மூடியைச் சரியான இடத்தில் நிறுத்தும் இரண்டு டவல் பின்கள் விழுந்து தொலையும், கவனம்.

முன் புல்லி நட்டைக் கழற்ற இம்பாக்ட் துப்பாக்கி பயன்படுத்தலாம். இறுக்க அதை எடுக்கவே கூடாது. புல்லியைப் பிடிக்க ஒய் வடிவ ஹோல்டர் வாங்கிக்கொள்ளுங்கள். புல்லியின் விசிறி இறக்கைக்கு நடுவே இரும்புக் கம்பியைச் செருகி நிறுத்துவது மிகப் பரவலான தவறு. ஒரு இறக்கை உடைந்தால் தட்டையே மாற்ற வேண்டும். வேரியேட்டரை வெளியே எடுக்கும்போது பின்தட்டையும் சேர்த்து ஒரே பிடியாக எடுங்கள், இல்லாவிட்டால் ரோலர்கள் சிதறும். எது எந்தக் குழியில் எப்படித் தேய்ந்தது என்ற தகவலும் போய்விடும்.

அளக்க வேண்டியவை:

பெல்ட்டின் அகலம், மேல்முதுகுப் பக்கம், சுற்றிலும் ஆறு இடத்தில். வெர்னியரை அழுத்தாமல் தொட்ட அளவில் படியுங்கள். ரப்பர் அமுங்கினால் இல்லாத தேய்மானம் தெரியும். உங்கள் மேனுவலில் உள்ள வரம்புதான் தீர்ப்பு. பெல்ட்டை உட்புறம் வெளியே வருமாறு வளைத்துப் பல்லுக்கு நடுவே வெடிப்பு, பக்கவாட்டில் நூல் பிரிதல் இருக்கிறதா பாருங்கள். நூல் பிரிந்திருந்தால் அகலம் எவ்வளவு இருந்தாலும் குப்பைக்கு.

ரோலரின் விட்டம், இரண்டு திசையில். ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் செட்டாக மாற்றுங்கள், அதே கிராம் எடையில். ரோலரின் ஒரு முகத்தில் பிளாஸ்டிக் உதடும் மறு முகத்தில் உலோகமும் தெரிந்தால், குழியில் தள்ளும் சுவரின் பக்கம் பிளாஸ்டிக் முகம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் உலோகம் சுவரை அரிக்கும்.

புல்லி முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படிக்கட்டு போலத் தட்டினால் புதுப் பெல்ட்டும் அந்தப் படியில் சிக்கும்.

ரோலருக்கு கிரீஸ் போடலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். உலர் வகை என்றால் ஒரு சொட்டுகூட வேண்டாம். ஓ-ரிங் போட்டு அடைத்த கூட்டுக்குள் ரோலர் இருக்கும் வண்டிகளும் உண்டு, அவற்றில் குறிப்பிட்ட கிரீஸ் குறிப்பிட்ட கிராம் அளவில் வேண்டும். திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்து உதறல். கிளட்ச் டிரம்மைக் கழற்றினால் ஷூ லைனிங் கண்ணாடி போல மின்னும் என்று நினைக்கிறேன். 80 நம்பர் எமரித் தாளால் மினுமினுப்பு போகும் அளவுக்கு மட்டும், மூலைவிட்டமாகத் தேயுங்கள். டிரம்மின் உட்புறத்தையும் லேசாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடையுங்கள். டிரம்மில் நீலத் திட்டுகள் இருந்தால் அது வெந்திருக்கிறது; உள்விட்டத்தை நான்கு திசையில் அளந்து பாருங்கள். வட்டம் கோணியிருந்தால் எமரித் தாள் எல்லாம் 500 கி.மீ. வைத்தியம்தான். இன்னொன்று, ஷூக்கள் ஆடும் பின்களில் துரு இருந்தால் மூன்று ஷூவும் ஒரே நேரத்தில் பிடிக்காது, உதறலுக்கு அதுவும் காரணம். வெப்பம் தாங்கும் கிரீஸை நூலளவு வைக்கலாம், லைனிங் பக்கம் போகாமல்.

கிளட்ச்சைப் பின் புல்லியிலிருந்து பிரிக்கத் தேவை இல்லை என்றால் பிரிக்காதீர்கள். பெரிய ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. நட்டைக் கழற்றிய நொடியில் தட்டு முகத்துக்குப் பறக்கும். அழுத்திப் பிடிக்கும் கருவி இருந்தால் மட்டும்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

---

சக்கரம்13:

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. பெல்ட் பெட்டிக்குத் தனியாக ஒரு காற்று ஃபில்டர் உண்டு, எஞ்சின் ஃபில்டர் வேறு. ஸ்பாஞ்சாகவோ காகிதமாகவோ இருக்கும். அது அடைத்தால் பெட்டிக்குள் சூடு ஏறி, பெல்ட்டின் ஆயுள் குறையும். யாரும் அதைத் திறப்பதே இல்லை.

பதிவு இல்லாத வண்டிக்கு என் முறை எளிது: எல்லாத் திரவமும் காலாவதி என்று வைத்துக்கொண்டு மாற்றிவிட வேண்டியது.

எஞ்சின் ஆயிலும் பின் கியர் ஆயிலும் தனித்தனி. இரண்டின் வடிகால் போல்ட்டும் அடியில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும். முதல்முறை செய்பவர்கள் கியர் ஆயிலை வடித்துவிட்டு எஞ்சினில் புது ஆயிலை ஊற்றுகிறார்கள். விளைவு, கியர்பெட்டி வறண்டு கிடக்கும், எஞ்சினில் இரட்டிப்பு ஆயில். வடியும் அளவைப் பாருங்கள்: ஒரு லிட்டருக்கு மேல் வந்தால் எஞ்சின், கால் லிட்டர் அளவில் நின்றுவிட்டால் கியர். கியர் ஆயில் சில வண்டிகளில் 80டபிள்யூ-90, சிலவற்றில் 10டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலே. அளவுக்கு மேல் ஊற்றினால் சுவாசக் குழாய் வழியே வெளியே தள்ளி, பின் டயரில் சொட்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். சாம்பல் பசை கொஞ்சம் இருந்தால் இயல்பு, விரலில் செதில் தட்டினால் பேரிங் போகிறது. பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

வடிகால் போல்ட்டின் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. அலுமினிய மரையில் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதும், கையின் பலத்தைக் காட்ட வேண்டாம்.

எஞ்சின் ஆயிலுக்கு ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரம்) எம்பி, அதாவது உராய்வு குறைந்த வகை, போதும். ஸ்கூட்டர் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை என்பதால் நனையும் கிளட்ச்சுக்கான எம்ஏ வகை தேவையில்லை.

கூலன்ட் என்ன நிறமாக இருந்தாலும் வடித்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறை அலசி, அலுமினிய எஞ்சினுக்கான, சிலிகேட் இல்லாத கூலன்ட் ஊற்றுங்கள். அடர்த்தியாக வாங்கினால் பாதிக்குப் பாதி. காற்றை வெளியேற்றுவதில்தான் பலர் தடுமாறுவார்கள். ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால், நடுவில் நீளக் குழாய், எங்கோ ஓர் இடத்தில் காற்று சிக்கிக்கொள்ளும். முன் சக்கரத்தை ஒரு பலகை மேல் ஏற்றி, நிரப்பும் வாயை உயரமாக வைத்து, மூடி திறந்தபடி ஐட்லிங்கில் ஓட விட்டு, குழாய்களைப் பிசைந்துகொண்டே இருங்கள். குமிழ் நின்றதும் மூடி, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை விடுங்கள். முழுக்க ஆறிய பிறகுதான் மூடியைத் திறந்து மட்டம் பார்க்க வேண்டும். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அங்கே கூலன்ட் கசிந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். துளையை அடைத்தால் அது உள்ளே போய் ஆயிலில் கலக்கும்.

பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. டாட் 5 சிலிகான் வகை, எண் பெரியது என்று வாங்கிவிடாதீர்கள். முன், பின் பிரேக் இணைந்து வேலை செய்யும் வண்டி என்றால் காற்றெடுக்கும் வரிசை மேனுவலில் இருக்கும், அதை மாற்றாதீர்கள். பேட் 2 மி.மீ.க்கு வந்தால் மாற்றம். பார்க்கிங் பிரேக்குக்குத் தனிக் கேபிளும் தனி காலிப்பரும் இருந்தால் அதைப் பேட் மாற்றியதும் சரிசெய்ய வேண்டும். மறந்தால் லேசாகப் பிடித்தபடியே ஓடி டிஸ்க்கை வேகவைக்கும்.

---

மல்டிமீட்டர்:

ஜாசோ எம்பி பற்றிச் சொன்னது எல்லா ஸ்கூட்டருக்கும் பொருந்தாது. யமஹா டிமேக்ஸில் கிளட்ச் ஆயிலில் நனைந்த பல தட்டு வகை. அதில் எம்பி ஊற்றினால் வழுக்கும், எம்ஏதான் வேண்டும். சுஸுகி பர்க்மன் 650இலும் உலர் கிளட்ச் இல்லை. "ஸ்கூட்டர் என்றால் எம்பி" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நெடுவழியின் வண்டியில் பெல்ட் பெட்டிக்குள்ளேயே உலர்ந்த டிரம் இருந்தால் எம்பி சரி.

அதேபோல் இந்த இழையைப் படித்துவிட்டு பர்க்மன் 650 வைத்திருப்பவர் யாரும் பெல்ட் மாற்றக் கிளம்ப வேண்டாம். 638 சிசி ட்வின் எஞ்சின், அதன் சிவிடி வேறு பிறவி. புல்லியை நகர்த்துவது ரோலர் இல்லை, மின்மோட்டார். ரோலர் எடை, 80 நம்பர் எமரித் தாள் எதுவும் அங்கே செல்லாது. டிமேக்ஸிலும் சக்கரத்துக்குச் சக்தி போகும் வழி தலைமுறைக்குத் தலைமுறை வேறு: 500 மாடலில் ஆயிலில் ஓடும் செயின், 2012இல் வந்த 530 முதல் வெளியே தெரியும் பல் பெல்ட். பிஎம்டபிள்யூ சி 650 ஜிடியில் ஆயிலில் ஓடும் செயின். ஆகவே பின் கியர் ஆயில் என்ற ஒன்றே எல்லாவற்றிலும் இருக்காது.

---

நெடுவழி:

நன்றி. இன்று திறந்து அளந்தேன்.

பெல்ட்: ஆறு இடத்திலும் 26.3 முதல் 26.4 மி.மீ. மேனுவலில் புதிது 27.6, வரம்பு 26.5. வெடிப்பு இல்லை.

ரோலர்: எட்டில் மூன்று தட்டை.

ஸ்லைடர்கள் ஆடுகின்றன. புல்லி முகம் வழவழப்பு.

கிளட்ச் லைனிங் போதிய கனம், ஆனால் சொன்னபடியே கண்ணாடி. டிரம்மில் லேசான நீலம், விட்டம் நான்கு திசையிலும் ஒன்றுபோல்.

பெல்ட், ரோலர், ஸ்லைடர் மூன்றும் வாங்கிவிட்டேன். பொருத்தும்போது எதில் கவனம்? பெல்ட் புல்லிக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் என்று எங்கோ படித்தேன்.

---

உப்புத்தாள்:

தேய்மானம் 1.2 மி.மீ., ஆர்பிஎம் கணக்குக்கு ஒத்துப்போகிறது. ரோலரையும் சேர்த்து மாற்றுவது சரியான முடிவு, மூன்று தட்டையானால் மற்ற ஐந்தும் பின்னாலேயே வரும்.

பெல்ட் மாட்டிக்கொள்வதைப் பற்றி நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சிவிடி வேலையில், முன் புல்லி உட்காரும் எஞ்சினின் கிராங்க் தண்டையே பாழாக்கும் தவறு இதுதான்.

பின் புல்லி ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் எப்போதும் மூடியே இருக்கும். அதனால் பெல்ட்டை அதன் விளிம்பில் தூக்கி வைத்திருக்கும், முன்பக்கம் தளர்ச்சியே கிடைக்காது. அந்த நிலையில் முன் புல்லியின் வெளித்தட்டைப் போட்டு நட்டை இறுக்கினால், தட்டு நடுக்குழலின் (இரண்டு தட்டுகளுக்கும் நடுவே தண்டின் மேல் இருக்கும் குழல்) முகத்தில் போய் உட்காராமல் பெல்ட்டின் மேல் நிற்கும். டார்க் ரெஞ்ச் "டிக்" என்று சொல்லும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். உண்மையில் நட்டு அழுத்துவது ரப்பரை. வண்டி ஓடத் தொடங்கியதும் பெல்ட் தன் இடத்துக்கு நகரும், தட்டுக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி விழும், நட்டு தளரும். அப்புறம் தட்டு தண்டின் வரிப்பற்களில் ஆடி ஆடி அவற்றை மழித்துவிடும். பெல்ட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு கிராங்க் வரை போகும்.

அதனால் முதலில் பின்பக்கம். பின் புல்லியின் தட்டுகளைக் கையால் பிரித்து, பெல்ட்டை உள்ளே ஆழமாக அழுத்துங்கள். கை போதாவிட்டால் பெல்ட்டின் இரண்டு ஓட்டத்தையும் நடுவில் சேர்த்து அமுக்கினாலும் உள்ளே இறங்கும், நைலான் கட்டு ஒன்றால் அப்படியே கட்டி வைக்கலாம். இப்போது முன்னால் பெல்ட் தாராளமாகத் தொங்கும். அதை நடுக்குழலின் மேல் தொங்கவிட்டு, வெளித்தட்டைப் பற்களில் பொருத்தி, கையாலேயே நட்டைக் கடைசி வரை திருகுங்கள். தண்டின் வரிப்பற்கள் தட்டின் முகத்தைத் தாண்டித் தெரிகின்றனவா, கழற்றுவதற்கு முன் எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு தெரிகிறதா பாருங்கள். கழற்றும் முன்பே ஒரு படம் எடுத்திருந்தால் இங்கே உதவும். பிறகு பெல்ட்டை அசைத்துப் பாருங்கள்: முன் புல்லிக்குள் அது லூசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் மாட்டியிருக்கிறது, திரும்பக் கழற்றுங்கள். ஆடினால் மட்டும் ஹோல்டர் போட்டு மேனுவலில் உள்ள டார்க்குக்கு இறுக்குங்கள். 400 சிசி வகையில் அது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ வரும், அதனால் உங்கள் ரெஞ்ச் அந்த அளவு வரை போகுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். புது நட்டு கேட்கும் மாடல் என்றால் புதிதே போடுங்கள்.

இறுக்கியபின் கட்டை அவிழ்த்து, பின் புல்லியைக் கையால் சுற்றுங்கள். பெல்ட் மெல்ல விளிம்புக்கு ஏறி, முன்பக்கத் தளர்ச்சி மறையும்.

சின்ன விஷயங்கள்: பெல்ட்டின் அம்புக்குறி சுற்றும் திசையில். புல்லி முகம் இரண்டையும் பெல்ட் போடும் முன் பிரேக் கிளீனரால் துடைத்து, அப்புறம் கைபடாமல். பின் புல்லியின் நடுக்குழலில் கிரீஸ் கசிந்திருந்தால் அங்கேயே நிறுத்தி ஓ-ரிங்குகளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது பெல்ட் ஒரு வாரத்தில் வழுக்கும்.

உதறல் போன பிறகு அது திரும்ப வராமல் இருப்பது வலது மணிக்கட்டில் இருக்கிறது. நெரிசலில் 8, 10 கி.மீ. வேகத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே ஊர்ந்தால் ஷூ பாதி பிடித்த நிலையில் வழுக்கி வழுக்கி வெந்துபோகும். இடைவெளி விழும் வரை நில்லுங்கள், விழுந்ததும் கிளட்ச் முழுக்கப் பிடிக்கும் வரை திராட்டிலைத் தயங்காமல் கொடுங்கள்.

---

சக்கரம்13:

31,000 என்றால் வால்வு இடைவெளியும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கொண்டு. சத்தம் போடும் வால்வைப் பற்றிக் கவலைப்படுவோம், ஆனால் ஆபத்து சத்தம் போடாததில். இடைவெளி இறுகினால் வால்வு முழுக்க மூடாது. காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். ஷிம் (இடைவெளியைத் தீர்மானிக்கும் சிறு தகடு) வகை என்றால் அளந்து எழுதி, எந்த ஷிம் எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். கேம் தண்டை இறக்கத் தயக்கமாக இருந்தால் அளப்பதோடு நிறுத்தி, சரிசெய்வதைத் தெரிந்தவரிடம் விடலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

டயர்: பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் மீதமிருந்தாலும் பழைய ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. 13, 14 அங்குலச் சக்கரம் 17 அங்குலத்தைவிட ஒரு கிலோமீட்டருக்கு அதிகச் சுற்று சுற்றும், பின் டயர் சீக்கிரம் தேயும். பயணச் சுமைக்கான காற்றழுத்தம் பெரும்பாலும் சீட்டின் அடியில் ஒட்டியிருக்கும், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

80இலிருந்து வேகம் குறையும்போது ஹேண்டில் நடுங்கினால் முதலில் முன் டயர் அலை அலையாகத் தேய்ந்திருக்கிறதா பாருங்கள், பிறகு ஸ்டீரிங் பேரிங். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நேர்நிலையில் "கொக்" என்று பள்ளத்தில் விழுவது போல் இருந்தால் பேரிங் பள்ளம் விழுந்துவிட்டது. இறுக்கிப் பயன் இல்லை, மாற்றம்தான்.

---

நெடுவழி:

பொருத்தியாயிற்று. பெல்ட் ஆடுகிறதா என்று பார்த்த பிறகே இறுக்கினேன். உதறல் இல்லை, 100க்கு 5,500. கடைசிக் கேள்வி: வண்டி எங்காவது பேட்டரி இறங்கி நின்றால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியுமா?

---

மல்டிமீட்டர்:

முடியாது. எஞ்சின் சுற்றாத வரை கிளட்ச் ஷூ விரியாது. சக்கரத்தைத் தள்ளினால் டிரம் மட்டும் சும்மா சுற்றும். பெரிய ஸ்கூட்டரில் கிக்கரும் இல்லை. அதனால் கிளம்பும் முன் அளந்துவிடுங்கள்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல், பேட்டரி முனையில் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் வேண்டும். 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டு மறுநாள் மீண்டும் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது 10க்குக் கீழே விழுந்தால் பேட்டரி களைத்துவிட்டது. எஞ்சின் 5,000 ஆர்பிஎம்மில் 13.5க்கும் 14.8க்கும் நடுவே இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு. 13ஐத் தொடவே இல்லை என்றால் எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று கம்பிகளின் கனெக்டரை முதலில் பிரித்துப் பாருங்கள், பழுப்பாக உருகியிருப்பது அங்கேதான். கனெக்டர் நன்றாக இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டேட்டர் பக்கத்து மூன்று கம்பிகளையும் இரண்டிரண்டாக அளந்தால் மூன்று ஜோடியிலும் ஒரே ஓம் வர வேண்டும். எந்தக் கம்பியும் எஞ்சின் உடம்போடு தொடர்பு காட்டக் கூடாது.

இரண்டு நாள் நின்றாலே இறங்குகிறது என்றால் சீட்டின் அடியில் இருக்கும் பெட்டி விளக்கு அணைகிறதா பாருங்கள். சீட் மூடியபின் தெரியாது. ஃபோனை வீடியோவில் ஓடவிட்டு உள்ளே வைத்து மூடிப் பாருங்கள்.

"செல்ஃப் அடிக்கவில்லை" என்றதும் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். சைடு ஸ்டாண்ட் சுவிட்ச்சும் பிரேக் லீவர் சுவிட்ச்சும் செல்ஃபை நிறுத்தும். பிரேக் பிடித்தால் பின் விளக்கு எரியவில்லை என்றால் லீவர் சுவிட்ச்தான். மற்ற லீவரைப் பிடித்து முயன்றால் கிளம்பிவிடும்.

கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று, டியூப்லெஸ் பஞ்சர் கிட், சிறிய காற்று பம்ப், ஃபியூஸ் செட், பேட்டரி மூடிக்கான ஸ்குரூடிரைவர் எடுத்துச் செல்லுங்கள். ஸ்குரூடிரைவரைச் சீட்டுக்கு அடியில் வைக்காமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் சீட் பூட்டு மின்சாரத்தில் திறக்கும், பேட்டரி செத்தால் அதுவும் திறக்காது. உங்கள் வண்டியில் அவசரத்துக்குத் திறக்கும் கேபிளோ சாவித் துளையோ எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே தேடி, ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.